ஊர்ப் பெயர் மட்டும் வேறு

என்னிடம் ஒரு தபாலட்டை இருக்கிறது. கோடு போட்ட நீச்சலுடையில், பூசணிக்காய் போல ஒரு சீமாட்டி முழங்காலளவு கடலில் நிற்கிறாள். அவளுடைய பின்பக்கத்தை ஒரு நண்டு கவ்விப் பிடித்திருக்கிறது. அவள் வாயைப் பிளந்து கத்துகிறாள். கரையில் ஈர்க்கில் மாதிரி ஒரு புருஷன், மனைவி பாடுகிறாள் என்று நினைத்துக் கைதட்டிக்கொண்டு நிற்கிறான். கீழே சிவப்பு எழுத்தில் டியெப் என்று ஊர்ப் பெயர். இதே அட்டை இன்னொன்றும் இருக்கிறது, அதில் லு த்ரெபோர். இன்னொன்றில் பேர்க். சீமாட்டி அவளேதான், நண்டும் அதுவேதான். பிரான்சின் வடக்குக் கரை நெடுகிலும் அந்தப் பாவப்பட்ட மனுஷியை ஒரே நண்டு துரத்தித் துரத்திக் கடித்திருக்கிறது.

இவை அந்தக் காலத்தில் கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிப் போட்ட பகிடி அட்டைகள். அச்சகக்காரன் படத்தை மொத்தமாக அடித்து வைத்திருப்பான். எந்த ஊர்க் கடைக்காரன் கேட்கிறானோ அந்த ஊரின் பெயரைக் கீழே அடித்துக் கொடுப்பான். தீர்ந்தால் திரும்ப அடிப்பான். திரும்ப அடிக்கும்போது நிறம் மாறும், தொப்பி மாறும், சில கோடுகள் காணாமல் போகும். அந்த வித்தியாசங்களைத்தான் நான் சேர்க்கிறேன்.

பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பலில் என்னைத் தெரிந்தவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் விசர், அதாவது பைத்தியம். நான் மறுப்பதில்லை. தபால் முத்திரை சேர்க்கிறவனுக்கு ஒரு மரியாதை உண்டு, குண்டுப் பெண்களை நண்டு கடிக்கும் படம் சேர்க்கிற நடுவயதுக்காரனுக்கு என்ன மரியாதை? "கடலுக்குப் பக்கத்திலை பிறந்து வளந்த எங்களுக்குக் கடலிலை என்ன பகிடி கிடக்கு?" என்று கேட்டார் என்னோடு வேலை செய்யும் ஒருவர். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போவது தொழிலுக்கு, இல்லாவிட்டால் சாம்பல் கரைப்பதற்கு. கடற்கரையில் காயப்போடுவது கருவாட்டை, உடம்பை அல்ல.

தொடங்கியது 2009 கோடையில்.

என் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. வன்னியில் இருந்தான். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் யாருடையதோ தொலைபேசியில் இருந்து எடுத்து, "அக்கா, திரும்ப எடுக்காதேங்கோ, நானே எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை. மே மாதம் சண்டையும் எல்லாமும் முடிந்துவிட்டது என்றார்கள். முகாம்களில் இருந்தவர்களின் விபரம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இவன் எந்த முகாமிலும் இல்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, சிறையில் கண்டவர் இல்லை. செத்துக் கிடந்ததைக் கண்டவரும் இல்லை.

நாங்கள் இருந்தது லாச்சப்பலில், மெத்ரோ ரயில் மேலே பாலத்தில் ஓடும் தெருவில், ஒரு அறையும் ஒரு குசினியும் கொண்ட வீடு. பிள்ளைகள் இல்லை. அவள் விடியற்காலையில் கந்தோர்கள் துப்பரவு செய்யப் போவாள். நான் ஒபர்வில்லியேயில் ஒரு உடுப்புக் கிடங்கில் பெட்டி கட்டினேன். மிச்ச நேரமெல்லாம் அவள் தொலைபேசியோடு இருந்தாள். லண்டன், கனடா, சுவிஸ், எங்கெல்லாம் அங்கிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சொந்தக்காரர் இருந்தார்களோ அங்கெல்லாம் எடுத்தாள். "கடைசியாய் எங்கை கண்டனீங்கள்? என்ன உடுத்திருந்தவன்? காயம் ஏதும் இருந்ததோ?" இதே மூன்று கேள்விகள்தான். நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதே அந்தக் கேள்விகள் காதில் விழும். சாப்பிட்டாயா என்று அவளும் கேட்கமாட்டாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் என் கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருந்தாள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் இறங்கி நடந்தேன். சென் தெனிப் பக்கமாக ஒரு பழஞ்சாமான் சந்தை. சப்பாத்துப் பெட்டிகளில் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரி மடக்குக் கதிரையில் இருந்தாள். சும்மா கையை விட்டு ஒன்றை எடுத்தேன். நண்டும் சீமாட்டியும் வந்தார்கள். நான் சிரித்துவிட்டேன், அதுவும் சத்தமாக. மே மாதத்துக்குப் பிறகு என் வாயில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. உடனே வெட்கம் வந்தது. செத்தவீட்டில் சிரித்தவனைப் போல சுற்றுமுற்றும் பார்த்தேன்.

அதை வாங்கிக்கொண்டு வந்தது அவளைச் சிரிக்க வைப்பதற்காகத்தான். ஒரே ஒரு தடவை சிரித்தால் போதும், பிறகு சோறு இறங்கும், நித்திரை வரும் என்று கணக்குப் போட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டு இருந்தவளின் முன்னால் அட்டையை நீட்டினேன். அவள் நன்றாகத்தான் பார்த்தாள்.

"இப்ப இது தேவையோ உங்களுக்கு?" என்றாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

வெட்கம் கெட்டவன், அடுத்த ஞாயிறும் போனேன். இன்னும் நல்ல பகிடி கிடைக்கும், அதற்காவது சிரிப்பாள் என்று. அன்றைக்குப் பெட்டிக்குள் அதே சீமாட்டி வேறு ஊர்ப் பெயரோடு இருந்தாள். இரண்டையும் வீட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டியெப் அட்டையில் புருஷனின் மீசை மயிர் மயிராகக் கீறப்பட்டிருந்தது. லு த்ரெபோரில் மீசை வெறும் கறுப்புப் பூச்சு. பிறகு கிடைத்த பேர்க் அட்டையில் நண்டுக்கு ஒரு காலைக் காணோம். இன்னொன்றில் அதுவரை இல்லாத ஒரு கடற்பறவை வானத்தில் வந்திருந்தது. பூதக்கண்ணாடி வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு நண்டின் கால்களைப் பார்க்கும் நேரத்தில் வேறு எதையும் நினைக்கத் தேவையில்லை. மற்றவர்கள் குடித்தார்கள், நான் நண்டுக் கால் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு மேசைதான். ஒரு பக்கத்தில் அவள் தொலைபேசியும் அவள் கேட்ட கதைகளும், மறுபக்கத்தில் என் அட்டைகள். ஒரே வேலையைத்தான் இரண்டு பேரும் செய்கிறோம் என்பது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. அவளிடமும் ஒரே படம் பல விதமாக இருந்தது. ஒருவரின் கதையில் தம்பி நீலச் சாரத்தோடு நின்றான், இன்னொருவரின் கதையில் காற்சட்டையோடு. ஒருவர் இடது காலில் கட்டுப் போட்டிருந்தது என்றார், மற்றவர் காலில் ஒன்றுமில்லை என்றார். அவள் ஒன்றையும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் மனப்பாடம். சமைக்கும்போதும் உதடு அசையும்.

அந்தக் கதைகளில் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அங்கிருந்து தப்பி லண்டனுக்கு வந்துவிட்ட ஒருவரின் கதை. அவர் கடைசி நாட்களில் தம்பியை நீர்க்கரையில், வெளியேறும் சனத்தின் வரிசையில் கண்டவர். தம்பி கையை உயர்த்தி, "அக்காட்டை நான் வாறன் எண்டு சொல்லுங்கோ" என்றானாம். இதை என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவளுடைய கையும் உயரும்.

ஒரு நாள் நான் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தபோது, வழக்கத்துக்கு மாறாகக் குனிந்து பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இதிலை எது முதல் வந்தது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறனீங்கள்?"

மாதக்கணக்கில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பிள்ளை முதல் தரம் நடந்ததைச் சொல்லும் தகப்பன் மாதிரி நான் வாய் மூடாமல் சொன்னேன். திரும்பத் திரும்ப அடிக்கும்போது மெல்லிய கோடுகள் தேயும். மீசை மயிர் போகும், நண்டுக் கால் போகும். தேய்ந்தது பிந்தி வந்தது, கோடு தெளிவாய் இருப்பது முந்தி வந்தது. "அப்ப இந்தப் பறவை?" என்று கேட்டாள். "அது தேய்மானத்திலை வராது. பிந்தி வந்ததிலை ஒண்டு கூடியிருந்தால் ஆரோ கையாலை சேத்தது எண்டு அர்த்தம். பாக்கிறதுக்கு வடிவாய் இருக்கட்டும் எண்டு சேத்திருப்பான்" என்றேன்.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கி அந்தப் பறவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போனாள். உலையில் அரிசி போட்ட சத்தம் கேட்டது. அங்கிருந்தே சொன்னாள்.

"லண்டன்காரர் முதல் தரம் கதைக்கேக்கை தம்பி கையை உயத்தினதைச் சொல்லேல்லை."

நான் கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தேன்.

"ரெண்டாந்தரம் கையை உயத்தினவன் எண்டார். மூண்டாந்தரம்தான் அக்காட்டைச் சொல்லச் சொன்னவன் எண்டு வந்தது. நான் அழுதனான். அதாலை சேத்திருக்கிறார், பாவம்."

ஒவ்வொரு கதையாக அவள் அப்படி உரித்தாள். நீலச் சாரம் போயிற்று, காலில் கட்டுப் போயிற்று. பிந்திப் பிந்தி வடிவாகிக்கொண்டு வந்ததெல்லாம் போயிற்று. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: வரிசையில் நின்றான், பிறகு காணவில்லை. அட்டையைக் காட்டி ஆளைத் தேற்றப் போனவன், அவள் பிடித்துக்கொண்டிருந்த துரும்பையும் பறிக்கும் வித்தையை அவள் கையிலேயே கொடுத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போல வெறி வந்தது. போடவில்லை. அதையும் போட்டுவிட்டால் அந்த மேசையில் எனக்கு என்ன இருக்கும்?

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால், "ஒரு தகவலும் இல்லை" என்பாள். செத்துவிட்டான் என்று சொன்னதில்லை, இருக்கிறான் என்றும் சொன்னதில்லை. அந்த இடத்திலேயே வருடங்கள் போயின.

என் கண்ணுக்கும் ஒரு வருத்தம், நோய் மாதிரி, வந்துவிட்டிருந்தது. எதைப் பார்த்தாலும் ஒன்றோடொன்று ஒப்பிடும். ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடைகளின் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒட்டுவார்கள். காலமானவர்கள் எல்லோரும் ஒரே கோட்டுப் போட்டிருப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். சாம்பல் நிறக் கோட்டு, கத்தரிப்பூ நிறத்தில் கழுத்துப்பட்டி, அதில் சரிந்த கோடுகள். உயிரோடு இருக்கும்வரை கோட்டையே தொடாத மனிதர்களின் தலைகளைக் கணினியில் வெட்டி அந்த ஒரே கோட்டின் மேல் வைத்திருந்தார்கள். மனைவியிடம் சொன்னால் சிரிப்பாளோ என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை. நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அடுத்த மழைக்காலத்தில் மாமி போய்விட்டா.

மாமி என்றால் என் மனைவியின் தாய். ஊரில், மூத்த மகளோடு இருந்தவ. எங்களிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதைக் கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், தாய் செத்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. கொள்ளி வைக்க மகன் இல்லை, பேரன் வைத்தான். நாங்கள் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி அழுதாள், அழுதது எனக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

இங்கேயும் அறிவித்தல் ஒட்ட வேண்டும். ரூ காயில் கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் ஒரே கணினியில் அடிக்கும் கடை ஒன்று உண்டு. ஊரில் இருந்து மச்சாள், அதாவது மனைவியின் அக்கா, அங்கே அடித்ததை அப்படியே அனுப்பியிருந்தா. கடைக்காரர் அதைத் திரையில் விரித்தார். மாமியின் படம், பக்கத்தில் குத்துவிளக்கு. எங்கள் ஆட்களின் அறிவித்தலுக்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வரும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் இருக்கும் நாடு. இறந்துபோன பிள்ளையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று வரும், நாடு வராது. உயிரோடு இருப்பவருக்கு நாடு வேண்டும். நடுவில் நிற்பவருக்கு எங்கள் ஆட்கள் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை.

மச்சாள் அனுப்பியதில் தம்பியின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது.

மனைவி திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அதை எடுங்கோ" என்றாள்.

கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அழித்தார். அவருக்கு இது புதிதல்ல. பிறகு கையைத் தட்டெழுத்தில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப எந்த நாடு எண்டு போடட்டும் அக்கா? மற்ற எல்லாருக்கும் இருக்கு. இவருக்கு மட்டும் விட்டால் சனம் ஒரு மாதிரிப் பாக்கும்."

கடைக்குள் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள், கலியாணக் கார்டுக்காரர். எனக்கு அந்தத் திரையைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. "விடும், மச்சாள் போட்டதே இருக்கட்டும்" என்று அவளுடைய காதுக்குள் சொன்னேன். உண்மையில் நான் அதைத்தான் விரும்பினேன். அந்த ஒரு சொல் கண்ணாடிகளில் ஏறட்டும், ஊர் வாசிக்கட்டும், இவள் விழுந்து புரண்டு அழட்டும், பிறகாவது எழும்பட்டும்.

"பிரான்ஸ் எண்டு போடுங்கோ" என்றாள் அவள். "என்னட்டைத்தானே இருக்கிறான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? மறுத்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு அறிவித்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கை தானாகவே வைத்தது. அதே மாமி, அதே குத்துவிளக்கு, அதே வரிகள். ஒரு சொல் போயிருந்தது, ஒரு ஊர்ப் பெயர் புதிதாக வந்திருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாளே தொடங்கிவிட்டது. பலசரக்குக் கடையில் ஒருவர் என் கையைப் பிடித்து, மாமியின் துக்கத்தை விசாரித்து முடித்து, குரலைத் தாழ்த்தினார். "மச்சான் வந்து சேந்திட்டாராம். ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? பயமோ? ஓம் ஓம், விசா விசயம், சொல்லாமல் இருக்கிறதுதான் நல்லது." நான் என்னத்தைச் சொல்ல? உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது. கண்ணாடியில் ஒட்டியதை வாசித்தவர்கள் எல்லாம் துக்கத்தோடு துக்கமாகச் சந்தோசமும் கொண்டாடினார்கள். மரண அறிவித்தலில் யார் பொய் எழுதுவார்கள் என்று எவரும் நினைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு அம்மா வந்தா. சென் தெனியில் இருப்பவ, சொந்த இடம் மன்னார்ப் பக்கம், வேதக்காரர். எங்களுக்கு முன்பின் தெரியாது. மாடிப்படி ஏறிய இளைப்போடு உள்ளே வந்து, மாமியின் படத்துக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டா. பிறகு கதிரையில் அமர்ந்து கைப்பையைத் திறந்து, பிளாஸ்திக் உறைக்குள் இருந்த ஒரு படத்தை எடுத்து மடியில் வைத்தா. பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பையன்.

"தம்பி வேலைக்குப் போட்டாரோ பிள்ளை?" என்று என் மனைவியைக் கேட்டா.

"ஆர் அக்கா?"

"உங்கடை தம்பிதான். நோட்டீசிலை பாத்தனான். அவர் அங்கை கடைசிவரையும் இருந்தவராம் எண்டு கடையிலை சொன்னவை. இவன் என்ரை மகன். இவனும் அங்கைதான். அவர் ஒருக்கால் இந்தப் படத்தைப் பாத்தாரெண்டால் காணும். கண்டவரோ இல்லையோ எண்டு மட்டும் சொல்லட்டும். கடைசியாய் எங்கை நிண்டவன், என்ன உடுத்திருந்தவன்."

அது என் மனைவியின் கேள்வி. வருடக்கணக்காக அவள் மற்றவர்களைக் கேட்டது.

"எத்தினை மணிக்கு வருவார்? எனக்கு அவசரமில்லை, நான் இருக்கிறன்" என்றா அந்த அம்மா. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் என் அட்டைகள் கிடந்தன. நேரம் போக்க ஒன்றை எடுத்துப் பார்த்தா, நண்டைக் கண்டு வாய் லேசாகக் கோணியது, உடனே மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டா. மனைவி தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நான் தொண்டையைச் செருமினேன். உண்மையை நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மனைவி கையால் என்னை மறித்தாள்.

அவள் அந்த அம்மாவின் காலடியில் நிலத்தில் வந்து இருந்தாள்.

"அக்கா, அவர் வரமாட்டார்."

"ஏன் பிள்ளை, தூரத்திலையோ வேலை?"

"அவன் இஞ்சை வரேல்லை. நான் சும்மா போட்டது." மடியில் இருந்த பையனின் படத்தைப் பார்த்தாள். "அவன் செத்துப்போனான் அக்கா."

அவளுடைய வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை வருடமாக அதற்காகக் காத்திருந்தவன் நான். வந்தபோது அவளுடைய வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

அந்த அம்மா அழவில்லை. படத்தை மடியில் நேராக்கி வைத்தா.

"ஆர் சொன்னது? ஆரும் கண்டவையோ?"

"ஒருத்தரும் காணேல்லை."

"கண்ணாலை காணாமல் எப்பிடிப் பிள்ளை அப்பிடிச் சொல்லுவாய்?" குரலில் கோபம் இருந்தது. "உன்ரை தம்பி எண்டால் நீ சொல்லுவாய். அவனோடை நிண்ட மற்றப் பிள்ளையளின்ரை தாய்மார் என்ன செய்யிறது?"

மெத்ரோ நிலையத்தில் இருந்து சனம் இறங்கும் நேரம். மாடிப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அந்த அம்மா சட்டென்று திரும்பி எங்கள் கதவைப் பார்த்தா. காலடிகள் எங்கள் வாசலைத் தாண்டி மேல்மாடிக்குப் போயின.

"நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாத்திட்டுப் போறன்" என்றா.

மனைவி எழும்பி, மற்றக் கதிரையை இழுத்து, அவவுக்குப் பக்கத்தில் கதவைப் பார்த்தபடி இருந்தாள்.